சலங்கையைப் பரணில் ஏற்றும் முன்...

ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த கையோடு நெல்லைச் சீமையின் பல வீடுகளில் ஒரு காரியம் சத்தமில்லாமல் நடக்கும். ஆறேழு வருஷம் கட்டி ஆடிய சலங்கை, துணியில் முடியப்பட்டு பரணில் ஏறிவிடும். 'ஏட்டி, ஆடுனது போதும். இனி படிக்கிற சோலியப் பாரு' என்பார் ஆச்சி. அப்பா தலையாட்டுவார். அம்மா பேசாமல் இருப்பார். ஆடிய பிள்ளையிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் இது ஆடல்வல்லானின் ஊர். நடராஜர் ஆடியதாகச் சொல்லப்படும் ஐந்து சபைகளில் தாமிர சபை நெல்லையப்பர் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. சித்திர சபை இருப்பது பக்கத்துக் குற்றாலத்தில். நவராத்திரி வந்தால் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்து ஊரே கைதட்டுகிறது. பொதுத் தேர்வு வந்தால் அதே ஆட்டம் வேண்டாத வேலையாகிவிடுகிறது.

படிப்பைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவது நியாயம்தான். ஆனால், பத்தாம் வகுப்பிலேயே 'நாட்டியமா, படிப்பா?' என்று ஒன்றை வெட்டிவிட வேண்டிய கட்டாயம் உண்மையில் இருக்கிறதா? அந்தக் கேள்வியைத்தான் பல வீடுகளில் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

பாலே கணக்கு வேறு

மேல்நாட்டு பாலே நடனத்தில் அந்தக் கட்டாயம் உண்டு. லண்டனின் ராயல் பாலே பள்ளியில் 11 வயதிலேயே பிள்ளைகளை விடுதியோடு சேர்க்கிறார்கள். 16 வயதில் மேல்நிலைப் பயிற்சி. 18, 19 வயதில் குழுவில் வேலை கிடைத்தாக வேண்டும். நாற்பதை நெருங்கும்போது பெரும்பாலானவர்கள் மேடையைவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அங்கே சீக்கிரம் முடிவெடுக்காவிட்டால் ரயில் போய்விடும்.

பரதத்தின் கணக்கு அப்படியில்லை. ஐம்பது வயதில் அபிநயம் இன்னும் கனிகிறது. நம் பரதத்துக்கும் பாலேவுக்கும் ஒரு பழைய உறவும் உண்டு. கலாக்ஷேத்ராவை 1936-ல் நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் கற்றது பாலேதான். உங்கள் நாட்டுக் கலையைத் தேடிப் பாருங்கள் என்று அவரைத் திருப்பிவிட்டவர், ரஷ்யாவின் புகழ்பெற்ற பாலே கலைஞர் அன்னா பாவ்லோவா. அதன் பிறகு பரதம் கற்று, 1935-ல் அடையாறில் மேடையேறியபோது ருக்மிணி தேவிக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பதினைந்து வயதில் இரண்டு வருஷம் வேகம் குறைந்தால் பரதம் கைவிட்டுப் போய்விடாது. அடியோடு நிறுத்தினால்தான் மறுபடி தொடங்குவது கடினம்.

இரண்டையும் பிடித்தவர்

திருநெல்வேலிப் பூர்வீகம் கொண்ட தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவர் ஆனந்தா சங்கர் ஜெயந்த். அப்பா ரயில்வே அதிகாரி. அம்மா பள்ளி ஆசிரியை, இசை அறிந்தவர். சிறு வயதிலேயே சலங்கை கட்டி, பிறகு கலாக்ஷேத்ராவில் சேர்ந்து முறையாகப் பயின்றார். அதோடு நிற்கவில்லை. ஊர் திரும்பிப் பட்டப்படிப்பு முடித்து, மத்திய அரசுத் தேர்வு எழுதி, ரயில்வே போக்குவரத்துப் பணியில் அதிகாரியானார். வேலை பார்த்துக்கொண்டே ஆடினார், நடனப் பள்ளியும் நடத்தினார். 2007-ல் பத்மஸ்ரீ பெற்றார். பின்னர் மார்பகப் புற்றுநோய் வந்தபோது, சிகிச்சைக்கு நடுவிலும் ஆட்டத்தை விடவில்லை. 2009-ல் மைசூரில் நடந்த டெட் இந்தியா மாநாட்டில் அவர் அதைப் பற்றிப் பேசியதை உலகமே கேட்டது.

எல்லாப் பிள்ளையும் பத்மஸ்ரீ வாங்கப் போவதில்லை. ஆனால், ஒன்றை வைத்துக்கொள்ள இன்னொன்றைத் தொலைக்க வேண்டியதில்லை என்பதற்கு இவர் வாழ்க்கை நல்ல சாட்சி.

மூன்று வழிகள், மூன்று கணக்குகள்

எட்டாம் வகுப்பிலேயே பிள்ளையை உட்காரவைத்துப் பேசினால், மூன்றில் எது நம் வழி என்று ஓரளவு தெரிந்துவிடும்.

முதல் வழி, நாட்டியமே தொழில். இதற்குப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு இடம் தேட வேண்டும். சென்னை கலாக்ஷேத்ராவில் நான்காண்டு டிப்ளமோ, அதன் மேல் இரண்டாண்டு முதுநிலை டிப்ளமோ இருக்கிறது. நேரில் ஆடிக் காட்ட வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரிப் பயணம்தான். திருச்சி கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரியில் பட்டப்படிப்பு உண்டு. 2013-ல் தொடங்கிய தமிழ்நாடு இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. நெல்லைக்குப் பக்கம் மதுரை. எங்கே பட்டம், எங்கே டிப்ளமோ என்பதை அந்த வருஷத்து அறிவிப்பில் பார்த்துக்கொள்வது அவசியம். ஏனென்றால், பட்டம் கேட்கும் அரசு வேலைகளுக்கு டிப்ளமோ மட்டும் போதாது. அதனால்தான் டிப்ளமோ படிக்கும் பலர் கூடவே அஞ்சல் வழியில் ஒரு பட்டமும் படித்துவைக்கிறார்கள்.

இரண்டாவது வழி, நாட்டியம் கல்லூரிக் கதவைத் திறக்க உதவுவது. இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிட வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, நாட்டியத்துக்குக் கிடையாது. மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண்தான். பரணில் எத்தனை கேடயம் இருந்தாலும் அங்கே பேசாது. அதே சமயம், டெல்லி பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் கலைத் திறமைக்கென்று இடங்கள் ஒதுக்குகிறார்கள். அதற்கு 'க்யூட்' நுழைவுத் தேர்வையும் எழுத வேண்டும், திறமையையும் காட்ட வேண்டும். சிபிஎஸ்இ பள்ளிகளில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் பரதநாட்டியத்தை ஒரு பாடமாகவே எடுக்க முடியும். அந்தப் பாடம் தங்கள் பள்ளியில் இருக்கிறதா என்று பத்தாம் வகுப்பிலேயே விசாரித்துவிடுவது நல்லது.

மூன்றாவது வழி, தொழிலுக்கும் இல்லை, சீட்டுக்கும் இல்லை, ஆயுசுக்கும் கூட வரும் துணை. பெரும்பாலான பிள்ளைகளின் வழி இதுதான். இதை வீண் என்று நினைக்கும் வீட்டில்தான் சலங்கை முதலில் பரணேறுகிறது.

தவறவிடக் கூடாத வயதுகள்

மத்திய அரசின் கலாசார வள, பயிற்சி மையமான சிசிஆர்டி, 1982 முதல் இளம் கலைஞர்களுக்கு உதவித்தொகை தருகிறது. விண்ணப்பிக்க 10 முதல் 14 வயது. தேர்வானால் 20 வயது வரை நீட்டிக்க வாய்ப்புண்டு. பத்தாம் வகுப்பில் இதைத் தேடினால் வயது கடந்திருக்கும். ஐந்தாம், ஆறாம் வகுப்பே சரியான நேரம்.

கையில் காசு குறைவு என்றால், கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயது வரை சேரலாம். திருநெல்வேலி அரசு இசைப்பள்ளியில் 12 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. பரதமும் அதில் ஒன்று. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022-23 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளியில் ஜெயித்தால் வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மேடை பெரிதாகிக்கொண்டே போகும். பையன்களுக்கும் இவை எல்லாம் பொதுதான். ஆடும் பையனைக் கேலி செய்பவர்களுக்கு, ஆடல்வல்லான் யார் என்று ஞாபகப்படுத்தினால் போதும்!

அரங்கேற்றம் எனும் கல்யாணச் செலவு

மண்டபம், பக்கவாத்தியம், உடை, நகை, மேக்கப், பத்திரிகை, சாப்பாடு என்று அரங்கேற்றச் செலவு இன்று லட்சங்களில் போகிறது. கடன் வாங்கி அரங்கேற்றம் நடத்திவிட்டு, 'இனி படிப்பு' என்று அதோடு முற்றுப்புள்ளி வைக்கும் குடும்பங்களும் உண்டு. அரங்கேற்றம் என்றால் தொடக்கம். அதை முடிவுவிழா ஆக்குவதில் அர்த்தமில்லை. கலாக்ஷேத்ராவில் சேர அரங்கேற்றம் முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. கோயில் நவராத்திரி மேடையில் ஒரு வர்ணம் ஆடுவது செலவில்லாத, நல்ல பழக்கம். மிச்சமாகும் பணம் விடுதிக் கட்டணத்துக்கு ஆகும்.

உடம்பும் பத்திரமும்

அரைமண்டியும் தட்டடவும் முழங்காலையும் கணுக்காலையும் சோதிக்கும். சிமென்ட் தரையில் தினமும் ஆடினால் இன்னும் அதிகம். மறுநாள் தசை வலிப்பது சகஜம். ஒரே இடத்தில், அதுவும் எலும்பில், இரண்டு வாரம் தாண்டி வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். மேடைக்காக மெலியச் சொல்வதும் ஆபத்து. மாதவிலக்கு சில மாதம் வராமல் போனால் அது எச்சரிக்கை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் சுமார் 59 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. வகுப்புக்குப் போகுமுன் கடலை உருண்டை, வீட்டுக்கு வந்ததும் முருங்கைக்கீரையோடு வயிறாரச் சாப்பாடு என்று கவனித்தாலே பாதி அசதி குறையும்.

வகுப்பு எங்கே, எப்படி நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று சொல்லும் வகுப்பே நல்ல வகுப்பு. கல்லூரி என்றால் உள் புகார்க் குழு இருக்கிறதா என்று சேர்க்கும்போதே கேட்பதில் தப்பில்லை. குருபக்தி வேறு, வாய்மூடி இருப்பது வேறு என்று பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும். ஏதாவது தவறாகப் பட்டால் 1098 என்ற எண்ணில் குழந்தைகள் உதவி மையத்தை அழைக்கலாம்.

பரீட்சை வருஷத்தில்

பொதுத் தேர்வு வருஷத்தில் வாரம் மூன்று வகுப்பை ஒன்றாகக் குறைக்கலாம். புது உருப்படி வேண்டாம், தெரிந்ததைத் தினம் இருபது நிமிஷம் ஆடினால் போதும். தேர்வுக்கு முந்தின மாதம் முழு விடுமுறை. கடைசிப் பரீட்சை முடிந்து எந்தத் தேதியில் வகுப்பு மறுபடி தொடங்கும் என்பதை முன்கூட்டியே டீச்சரிடம் பேசி, காலண்டரில் குறித்துவிட வேண்டும். அந்தத் தேதி பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு.

இதையெல்லாம் முடிவு செய்யும்போது பிள்ளையும் கூடவே உட்கார வேண்டும். 'எனக்கு இனி ஆட வேண்டாம்' என்று அவளே சொன்னால், செலவழித்த பணத்தைச் சொல்லிக்காட்டாமல் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். 'ஆடணும்' என்று சொன்னால், எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று அன்றைக்கே பேசி முடித்துவிடலாம்.