கட்சிப் பொறுப்பில் பழங்குடிப் பெண்கள்: ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
நிர்வாகக் குழுவினர், பழங்குடிப் பெண்கள் சங்கம்

பெறுநர்:
தலைமைத் தேர்தல் அதிகாரி, தமிழ்நாடு
மாநிலத் தேர்தல் ஆணையர், தமிழ்நாடு
அரசுச் செயலாளர், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை

நகல்: அங்கீகரிக்கப்பட்ட அரசியல் கட்சிகளின் மாநிலத் தலைமைகள்

பொருள்: அரசியல் கட்சிகளின் முடிவெடுக்கும் குழுக்களிலும் வேட்பாளர் பட்டியல்களிலும் பழங்குடிப் பெண்களுக்கு உரிய இடம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். மொத்த மக்கள்தொகையில் இது 1.1 விழுக்காடு. 234 சட்டமன்றத் தொகுதிகளில் இவர்களுக்கென ஒதுக்கப்பட்டவை சேலம் மாவட்டத்து ஏற்காடும் நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலமும் மட்டுமே. 39 மக்களவைத் தொகுதிகளில் ஒன்றுகூட இல்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பண்டைய பழங்குடிகளும் வாழும் நீலகிரியில் மூன்று சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. அவற்றிலும் பழங்குடியினருக்கென ஒதுக்கிய தொகுதி கிடையாது.

தொகுதிகள் இத்தனை குறைவாக இருக்கும் மாநிலத்தில், பழங்குடிப் பெண் ஒருவர் மேலே வருவதும் வராததும் கட்சிகளின் கையில்தான் இருக்கிறது. யாருக்குச் சீட்டு, யாருக்கு ஒன்றியப் பொறுப்பு, யார் மாவட்டச் செயலாளர் என்பதெல்லாம் கட்சிக் குழுக்களில் முடிவாகின்றன. அந்தக் குழுக்களில் பழங்குடிப் பெண்ணின் குரல் கேட்பதில்லை. இம்மனு அதைப் பற்றியது.

ஒதுக்கீடு இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நாகாலாந்தின் வரலாறே பதில். அங்கே 60 சட்டமன்றத் தொகுதிகளில் 59 பழங்குடியினருக்கானவை. 1963-ல் மாநிலம் உருவான பிறகு முதல் பெண் உறுப்பினர்கள் அவைக்குள் நுழைந்தது 2023-ல்தான். ஹெக்கானி ஜக்காலுவும் சல்ஹூதுவோனுவோ குரூஸும் அந்த ஆண்டு வென்றார்கள். ஏறத்தாழ அவை முழுவதும் பழங்குடியினருடையதாக இருந்தும், பெண்கள் 60 ஆண்டுகள் காத்திருந்தார்கள். பழங்குடி ஒதுக்கீடு பழங்குடி ஆண்களை அவைக்குக் கொண்டுவந்தது. பெண்களைக் கொண்டுவரக் கட்சிகள் முன்வர வேண்டியிருந்தது.

இந்தக் குறை புதிதல்ல. 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய பழங்குடித் தலைவர் ஜெய்பால் சிங் முண்டா, அவையில் ஆண்களே மிகுந்திருக்கிறார்கள், பெண்கள் இன்னும் வேண்டும் என்று வாதிட்டார். அந்தச் சபையில் இடம்பெற்ற 15 பெண்களில் பழங்குடிப் பெண் ஒருவரும் இல்லை.

கட்சி வாய்ப்பளித்த இடங்களில் நடந்ததையும் நாடு பார்த்திருக்கிறது. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்துச் சந்தால் பெண்ணான திரௌபதி முர்மு, 1997-ல் ராய்ரங்பூர் பேரூராட்சியின் வார்டு உறுப்பினராகத் தொடங்கினார். 2000-ல் சட்டமன்ற உறுப்பினர், பிறகு மாநில அமைச்சர், ஜார்க்கண்ட் ஆளுநர் என உயர்ந்து 2022 ஜூலையில் குடியரசுத் தலைவர் ஆனார். தெலங்கானாவில் கோயா சமூகத்தைச் சேர்ந்த சீதக்கா முலுகு தொகுதியில் வென்று, 2023-ல் ஊராட்சித் துறை அமைச்சரானார்.

பக்கத்து மாநிலமான கேரளத்தின் எடுத்துக்காட்டு தமிழ்நாட்டுக்கு இன்னும் நெருக்கமானது. 140 தொகுதிகள் கொண்ட கேரளத்திலும் பழங்குடியினருக்கு இரண்டே தொகுதிகள்தான். அவற்றுள் ஒன்றான, வயநாடு மாவட்டத்து மானந்தவாடியில் 2011-ல் காங்கிரஸ் நிறுத்திய குறிச்சியர் பெண் பி.கே. ஜெயலட்சுமி வென்று, உம்மன் சாண்டி அமைச்சரவையில் பழங்குடியினர் நலத்துறையைப் பெற்றார். கேரளத்தின் முதல் பழங்குடிப் பெண் அமைச்சர் அவர். அதே வயநாட்டில் அடியர் சமூகத்துச் சி.கே. ஜானுவின் பாதை வேறாக இருந்தது. 2001-ல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் குடில் கட்டி நிலப் போராட்டம் நடத்தியவர், 2003 முத்தங்கா நிலப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர், 2016-ல் தேர்தலில் நிற்பதற்காகத் தனிக் கட்சியே தொடங்கினார். மக்கள் தலைவியாக ஏற்கெனவே நிமிர்ந்து நின்ற ஒருவருக்கே நிலைமை இதுவென்றால், ஊரளவில் உழைக்கும் பெண்ணின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் பழங்குடிப் பெண்களுக்குத் தலைமைப் பண்பு இல்லையென்று யாரும் சொல்லிவிட முடியாது. வாச்சாத்தியை நினைத்துப் பார்க்கலாம். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவார ஊரில் அரசுத் துறையினர் நடத்திய கொடுமையில் 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார்கள். மிரட்டலுக்கும் இழுத்தடிப்புக்கும் நடுவே அந்தப் பெண்கள் சாட்சி சொல்லத் தயங்கவில்லை. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என 2011-ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பதாண்டுக்கு மேல் ஒரு வழக்கைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு ஒரு ஒன்றியக் குழுவை நடத்தத் தெரியாதா?

ஏற்காட்டில் 2013 இடைத்தேர்தலில் அ.தி.மு.க. சார்பில் சரோஜா வென்றார். அங்கே சட்டமன்ற உறுப்பினராக இருந்த அவருடைய கணவர் பெருமாள் காலமானதால் வந்த தேர்தல் அது. சரோஜாவின் வெற்றியைச் சங்கம் மதிக்கிறது. ஆனால் குடும்பத்தில் ஒரு இழப்பு நேர்ந்த பிறகே கதவு திறக்கும் என்ற நிலை மாற வேண்டும். 2021 தேர்தலில் 234 பேர் கொண்ட அவைக்கு எல்லாச் சமூகங்களிலிருந்தும் தேர்வான பெண்களே 12 பேர்தான்.

தடைகள் எங்கே இருக்கின்றன என்பதைச் சங்க உறுப்பினர்கள் அனுபவத்தில் அறிவார்கள்.

முதல் தடை சாதிச் சான்று. தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றை வட்டாட்சியர் தர முடியாது. வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விண்ணப்பித்த பெண்ணிடம் தந்தையின் சான்று, தாத்தாவின் பத்திரம், உறவினர் சான்று என ஒவ்வொன்றாகக் கேட்கப்படுகிறது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் எனக் கோப்பு மேசை மேசையாக நகர்கிறது. ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் அவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு மலையிறங்க வேண்டும். சட்டமன்றத் தேர்தலிலோ அறிவிக்கை வந்த ஏழாம் நாளோடு வேட்புமனுத் தாக்கல் முடிந்துவிடும். சான்று கையில் இல்லாதவர் ஒதுக்கப்பட்ட தொகுதியில் மனுவே போட முடியாது. ஈரோடு மாவட்டத்தில் மலையாளி என்ற மலைவாழ் மக்களின் நிலை இன்னும் மோசம். பழங்குடிப் பட்டியலில் அச்சமூகத்துக்கான மாவட்டங்களில் ஈரோடு இல்லாததால், சேலத்தில் பழங்குடியாக இருப்பவரின் உறவினர் ஈரோட்டில் பழங்குடி அல்ல.

இரண்டாவது தடை பணம். சட்டமன்றத் தேர்தலுக்குப் பழங்குடி வேட்பாளர் கட்ட வேண்டிய வைப்புத்தொகை 5,000 ரூபாய். அதற்கு முன்பே கட்சிக்கு விருப்ப மனுக் கட்டணம் கட்ட வேண்டும். பெரும்பாலும் அது வைப்புத்தொகையைவிட அதிகம். நேர்காணலில் கேட்கப்படும் முதல் கேள்வியும் எவ்வளவு செலவு செய்ய முடியும் என்பதே.

மூன்றாவது, கூட்டங்கள் நடக்கும் இடமும் நேரமும். கொல்லிமலையிலிருந்து கீழே வர 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். மாவட்டக் கூட்டம் மாலையில் தொடங்கி இரவில் முடிந்தால் ஊர் திரும்பப் பேருந்து கிடைக்காது. இரண்டு கூட்டங்களுக்கு வராதவரின் பெயர் பட்டியலிலிருந்து நழுவுகிறது.

நான்காவது தடை சார்பு அணி. பழங்குடிப் பெண்ணுக்குப் பொறுப்புத் தரும்போது மகளிர் அணியிலோ பழங்குடியினர் அணியிலோ தருகிறார்கள். வேட்பாளரைத் தேர்வு செய்யும் குழுவில் அந்த அணிக்கு இடமில்லை. மாநாட்டுக்கு ஆள் திரட்டவும், மேடையில் மரபு நடனம் ஆடவும் அழைக்கப்படுகிறவர்கள், கூட்டணித் தொகுதிப் பங்கீடு பேசும் அறைக்கு அழைக்கப்படுவதில்லை.

சட்டங்களும் இந்த இடைவெளியை முழுதாக அடைக்கவில்லை. 2023-ல் நிறைவேறிய 106-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தந்தது. பழங்குடித் தொகுதிகளுக்குள்ளும் அதே பங்கு உண்டு. நடைமுறைக்கு வருவதைத் தொகுதி மறுவரையறையோடு அச்சட்டம் இணைத்தது. வந்தாலும், இரண்டு தொகுதிகளில் மூன்றில் ஒரு பங்கு என்பது அதிகபட்சம் ஒரு தொகுதி. தமிழ்நாட்டின் மக்களவைத் தொகுதிகளில் அதுவும் இல்லை. ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளில் ஊராட்சித் தலைவர் பதவிகள் பழங்குடியினருக்கே என்று 1996-ன் பெசா (அட்டவணைப் பகுதிகளுக்கான ஊராட்சி விரிவாக்க) சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் அட்டவணைப் பகுதியே அறிவிக்கப்படாததால் கல்வராயன் மலைக்கும் ஜவ்வாது மலைக்கும் அந்தப் பாதுகாப்பு எட்டவில்லை. கட்சிகளைப் பதிவு செய்யும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29-ஏ பிரிவு, ஒரு கட்சியின் குழுக்களில் பெண்கள் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. வன உரிமைச் சட்டத்தின் விதிகளோ கிராம சபை கூடும்போது வந்தவர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்கின்றன. காட்டைப் பற்றி முடிவெடுக்கப் பெண் கட்டாயம் வேண்டும் என்ற நாடு, கட்சிக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறது.

மேற்கண்ட நிலையில் சங்கம் பின்வரும் கோரிக்கைகளை முன்வைக்கிறது.

1. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஆறு மாதம் முன்பே மலை ஊராட்சிகளில் சாதிச் சான்று முகாம்களை வருவாய்க் கோட்டாட்சியர்கள் நேரில் நடத்த வேண்டும். விண்ணப்பங்கள் மீது 15 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஈரோடு மாவட்ட மலையாளி மக்களைப் பட்டியலில் சேர்க்க மாநில அரசு ஒன்றிய அரசை மீண்டும் வலியுறுத்த வேண்டும்.

2. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் தங்கள் மாநில, மாவட்ட, ஒன்றியக் குழுக்களில் உள்ள பெண்கள், பழங்குடிப் பெண்கள் ஆகியோரின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் அறிவிக்கும்படி தேர்தல் ஆணையம் கேட்டு, அதை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

3. கட்சிகளின் முடிவெடுக்கும் குழுக்களில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், அதற்குள் பழங்குடிப் பெண்களுக்கு உரிய இடமும் பதிவுக்கான நிபந்தனையாகும் வகையில் 29-ஏ பிரிவைத் திருத்தப் பரிந்துரைக்க வேண்டும்.

4. மலை ஊராட்சிகளில் பழங்குடியினர் பெரும்பான்மையாக உள்ள இடங்களின் தலைவர் பதவி, சுழற்சி முறையில் பழங்குடிப் பெண்களுக்குத் தவறாமல் வர வேண்டும். தலைவருக்குப் பதிலாகக் கணவரோ பிறரோ அலுவலகம் நடத்துவதைத் தடுக்க வேண்டும். அவரது பணியை மிரட்டித் தடுப்போர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாய வேண்டும்.

5. மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி அமைப்புகளில் நியமிக்க 2025-ல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. அதே வழியில் ஆறு பண்டைய பழங்குடிகளைச் சேர்ந்த பெண்களும் அவர்கள் வாழும் பகுதிகளின் உள்ளாட்சிகளில் நியமனம் பெறச் சட்டம் வேண்டும்.

6. மாநிலப் பழங்குடியினர் ஆலோசனைக் குழுவில் சட்டமன்ற உறுப்பினர் அல்லாத இடங்களில் பாதி, பெண்களுக்குத் தரப்பட வேண்டும். பழங்குடியினர் மேம்பாட்டுக்கான தொல்குடித் திட்ட நிதியில் ஒரு பங்கைப் பழங்குடிப் பெண்களின் அரசியல், நிர்வாகப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும்.

7. கட்சித் தலைமைகள் பழங்குடிப் பெண்களின் விருப்ப மனுக் கட்டணத்தை நீக்க வேண்டும். மலைப் பகுதிக் கூட்டங்களைப் பகலில், மலையிலேயே நடத்த வேண்டும். ஏற்காடு, சேந்தமங்கலத்தோடு நிற்காமல் பொதுத் தொகுதிகளிலும் அவர்களை நிறுத்த வேண்டும்.

இவற்றுள் முதல், நான்காம், ஆறாம் கோரிக்கைகளுக்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. ஏழாவதற்குக் கட்சிகளின் ஒரு தீர்மானம் போதும். அவற்றை அடுத்த உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கைக்கு முன்பாகவே நிறைவேற்றித் தரவும், மற்றவற்றின் மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கவும் சங்கம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது.

இப்படிக்கு,
பழங்குடிப் பெண்கள் சங்க நிர்வாகக் குழுவினர்