சாவி யார் கையில்?

கொல்கத்தா என்ற மாநகரமே ஒரு குத்தகை பேரத்தில் முளைத்ததுதான். பெஹாலாவின் பரிஷா பகுதியில் வாழ்ந்த சபர்ண ராய் சௌத்ரி ஜமீன் குடும்பம், 1698இல் சுதானுடி, கோபிந்தபூர், கலிகாதா ஆகிய மூன்று கிராமங்களின் உரிமையை 1,300 ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது. வந்தவர்கள் காலி செய்ய 249 வருடங்கள் ஆயின.

இன்று அதே பெஹாலாவில் நிலைமை தலைகீழ். வீட்டுக்குச் சொந்தக்காரரே வெளிநாட்டவர். அப்பா காலமாகிவிட்டார், மகன் நியூஜெர்சியில் அமெரிக்கக் குடிமகன், டயமண்ட் ஹார்பர் சாலையை ஒட்டிய ஃப்ளாட் பூட்டிக் கிடக்கிறது. விற்க மனமில்லை. நிரந்தரமாகக் குடிவைத்தால் காலி செய்வார்களா என்ற பயம். இணையத்தில் நாள் வாடகைக்குப் போட்டுவிடுகிறார்.

ஆள் வருவார்களா என்றால், வருவார்கள். ஜோகாவில் ஐ.ஐ.எம். இருக்கிறது. 2022 டிசம்பரில் ஜோகா - தாராதலா மெட்ரோ தொடங்கி வைக்கப்பட்டு, 2024இல் மாஜேர்ஹாட் வரை நீண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக தாக்குர்புகூரில் புற்றுநோய் மருத்துவமனை. கதிர்வீச்சு சிகிச்சை என்றால் வாரக்கணக்கில் தங்க வேண்டும். ஹோட்டல் கட்டுப்படியாகாது; கஞ்சி காய்ச்ச ஓர் அடுப்பும் வேண்டும். வேலூர் சி.எம்.சி. பக்கம் போயிருப்பவர்களுக்கு இது புரியும். அங்கே லாட்ஜ் பலகைகளில் வங்காள எழுத்து இருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

சட்டம் இதைத் தடுக்கவில்லை. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் ரிசர்வ் வங்கியைக் கேட்காமலே இங்கு குடியிருப்பு வீடு வாங்கலாம், வாடகைக்கு விடலாம். விவசாய நிலம்தான் வாங்க முடியாது. வாடகைப் பணத்தை என்.ஆர்.ஓ. கணக்கில் வரவு வைக்கலாம். ஒரு சிக்கல்: உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் வாடகை தருபவர் பொதுவாக 31.2 சதவீதத்தை வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும். 10,000 ரூபாயில் 3,120. மாத வாடகைக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆனால் என் கவலை வரி அல்ல. வீட்டில் அறைகளை விருந்தினருக்கு விடுவதற்கென்று மத்திய சுற்றுலா அமைச்சகம் வைத்திருக்கும் திட்டம், உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே வசிக்க வேண்டும் என்கிறது. நியூஜெர்சிக்காரர் அதில் சேர முடியாது. வெளிநாட்டு விருந்தினர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் இடம் கொடுத்தவர் அதிகாரிகளுக்குத் தகவல் பதிய வேண்டும். வந்திருப்பவர் வங்கதேச நோயாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டவர், விருந்தாளியும் வெளிநாட்டவர். இடையில் நிற்கும் ஒரே இந்தியர், சாவியை வைத்திருக்கும் காவலாளி. பாஸ்போர்ட்டைச் சரிபார்ப்பதும் அவர்தான். நாளை போலீஸ் வந்தால் முதலில் உட்கார வைக்கப்போவதும் அவரைத்தான்.

இது வீண் பயமல்ல. 2021 ஜூனில் நியூடவுன் குடியிருப்பு ஒன்றில் வாடகைக்குப் பதுங்கியிருந்த பஞ்சாப் தாதாக்கள் இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 2024 மே மாதம் சிகிச்சைக்கென்று வந்த வங்கதேச எம்.பி. அன்வாருல் அஸீம் கொல்லப்பட்டதும் நியூடவுனில் வாடகைக்கு எடுத்த ஃப்ளாட்டில்தான் என்கிறது போலீஸ். இதற்குப் பிறகு சூட்கேஸுடன் லிஃப்டில் ஏறும் புது முகத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் முறைத்துப் பார்த்தால் அவரைக் குறை சொல்வது கடினம்.

அதற்காகக் குடியிருப்போர் சங்கங்கள் ஒட்டுமொத்தமாகத் தடை போட்டால், அடிபடுவது தாதா அல்ல. அவன் வேறு இடம் பிடித்துக்கொள்வான். கீமோதெரபிக்கு வந்த அம்மாவை அழைத்துக்கொண்டு அலையும் பெண்தான் தெருவில் நிற்பாள்.

சங்கங்கள் கேட்க வேண்டியது வேறு. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர், தன் சார்பில் பொறுப்பேற்க நகரத்திலேயே வசிக்கும் ஒருவருக்கு எழுத்துமூலம் அதிகாரம் தந்து, அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சங்கத்திலும் காவல் நிலையத்திலும் கொடுக்கட்டும். அந்த ஒருவருக்கு வாடகையில் பங்கும் இருக்கட்டும். மாதச் சம்பளக் காவலாளியின் தலையில் இதைக் கட்டுவது மட்டும் வேண்டாம்.