தினமும் 'பிரசென்ட் சார்' – பரீட்சையில் அரியர்! முதல் ஆண்டில் என்ன நடக்கிறது?

சென்னை என்ஜினீயரிங் கல்லூரிகளில் முதல் ஆண்டு மாணவன் காதில் விழும் முதல் எண் 75.

அண்ணா பல்கலைக்கழக விதிப்படி வகுப்புக்கு 75 சதவீதம் வந்தால்தான் பரீட்சை எழுதலாம். உடம்பு சரியில்லை என்று மருத்துவச் சான்று கொடுத்தால் 65 வரை சலுகை உண்டு.

பையனும் தவறாமல் போகிறான். வீட்டில் நிம்மதி. கல்லூரியிலும் நிம்மதி.

போனவன் படிக்கிறானா? பதிவேடு அதைச் சொல்லாது.

வாய் திறக்காத மாணவன்

பிளஸ்-2 வரை 'அணிகள்', 'வகை நுண்கணிதம்' என்று தமிழில் படித்தவனுக்குத் திடீரென்று 'மேட்ரிக்ஸ்', 'கால்குலஸ்'. கணக்கு அதேதான். பெயர்தான் புரியவில்லை.

எழுந்து கேட்கலாம். இங்கிலீஷில் கேட்க வேண்டுமே! தப்பாகப் பேசினால் பக்கத்து பெஞ்ச் சிரிக்கும். பேசாமல் உட்கார்ந்து விடுகிறான். பதிவேட்டில் அவன் நூற்றுக்கு நூறு.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-ல் என்ஜினீயரிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. கட்டணத்தை அரசே ஏற்றது. பணக் கவலை தீர்ந்தது. பாஷைக் கவலை?

பஸ் நேரமும் கணக்கில்

அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகம் 2000-ம் ஆண்டு முதல் பல கல்லூரிகளில் ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. முதல் ஆண்டு, கடைசி ஆண்டு மாணவர்களிடம் கேட்கிறார்கள். வகுப்பில் கேள்வி கேட்டாயா? படிக்காமல் வகுப்புக்கு வந்தாயா? ஆசிரியரிடம் தனியே பேசினாயா? வாரத்தில் படிப்புக்கு எத்தனை மணி, வேலைக்கு எத்தனை மணி, கல்லூரிக்குப் போய்வர எத்தனை மணி?

கடைசிக் கேள்வி அரக்கோணத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வரும் பையனுக்கு நன்றாகவே பொருந்தும். களைத்து வந்து தூங்குபவனும் புரியாமல் முழிப்பவனும் ஒன்றல்ல. மருந்தும் ஒன்றாக இருக்க முடியாது.

படிவத்தில் இஷ்டத்துக்கு 'டிக்' அடிக்கலாம் என்பது உண்மைதான். ஆனாலும் கேள்வி சரியான கேள்வி.

இங்கே 2017-ல் ஏ.ஐ.சி.டி.இ. 3 வார அறிமுகப் பயிற்சி கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் புதுச்சட்டை மிடுக்கு இருக்கிற அந்த 3 வாரத்தில் எல்லாப் பையனும் உற்சாகமாகத்தான் இருப்பான்! ஆள் ஒதுங்குவது அதற்குப் பிறகு.

முதல் உள்தேர்வுத் தாளே காட்டிக் கொடுத்துவிடும். மார்க்கைப் பதிந்துவிட்டுத் தாளைக் கட்டி வைக்காமல், வெற்றுத் தாள் கொடுத்தவனைக் கூப்பிட்டுத் தமிழில் நாலு வார்த்தை பேசினால் போதும். அதற்குப் படிவமும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம்.

பல இடங்களில் கூப்பிடுவது செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகுதான். பையனை அல்ல, தகப்பனாரை.

"சார், ஒருநாள்கூட லீவு போடலையே!" என்கிறார் அவர்.

உண்மைதான். பதிவேட்டை எடுத்துக் காட்டுகிறார்கள்.