பெசன்ட் நகர் பீச்சில் ஜீப் ஓட்டக் கூடாது, சரி... வேற எங்கே ஓட்டுறது?

வாரம் முழுக்க ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் முதல் கியரிலேயே உருட்டியவருக்கு, ஞாயிற்றுக்கிழமையாவது ஃபோர் வீல் டிரைவைப் போட்டுப் பார்க்கணும்னு தோணும். அதில் தப்பில்லை. பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சின் அகன்ற மணல் கண்ணில் படும்போதுதான் சிக்கல். 'வெறும் மணல்தானே, என்ன ஆகிடப் போகுது?'

நிறைய ஆகும்.

மணலுக்கு அடியில் என்ன இருக்கு?

ஆண்டின் முதல் சில மாதங்களில் பங்குனி ஆமைகள் இந்தக் கரையேறி முட்டையிடுகின்றன. ஒரு குழியில் ஏறக்குறைய 100 முட்டைகள். ஆழம் ஒன்றரை அடிதான். குஞ்சு வெளிவர 45 முதல் 60 நாள் ஆகும். அதுவரை குழி இருக்கும் இடமே மேலே தெரியாது. வண்டி ஏறினால் மணல் இறுகிவிடும்.

குழி தப்பினாலும் டயர் தடம் விடாது. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுக்கு அந்தத் தடம் ஒரு பள்ளத்தாக்கு. ஏற முடியாமல் அதிலேயே நடந்து, கடலுக்குப் போக வேண்டியது காக்கைக்கும் நாய்க்கும் இரையாகிவிடும்.

1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரியில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். பக்கத்திலேயே ஊரூர் குப்பம் மீனவர்களின் படகும் வலையும் இருப்பதும் இதே மணலில்தான். ஆக, பீச் வேண்டவே வேண்டாம். இதில் பேரம் கிடையாது.

தடை மட்டும் போதுமா?

போதாது. ஓட்டும் ஆசைக்கு ஒரு இடம் தரலைன்னா, அது அடுத்த ஏரிக்கரையைத் தேடிப் போகும்.

சென்னைக்கு இது புதுசில்லை. ஒரு காலத்தில் இங்கே கார், பைக் ரேஸ் நடந்தது சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸுக்கென்றே நிரந்தரத் தடம் வந்தது. வேகத்துக்கு ஒரு வீடு கட்டிக்கொடுத்த ஊர் இது. ஹிமாலயன் பைக் தயாராவதும் சென்னைப் புறநகரில்தான். மண்ணுக்கும் ஒரு வீடு கட்ட முடியாதா?

நல்ல மண்பாதை எப்படி இருக்கும்?

முதல் எதிரி டயர் இல்லை, தண்ணீர். சரிவில் நேராக இறங்கும் பாதை, ஒரே ஐப்பசி மழையில் ஓடையாகிவிடும். அதனால் பாதை சரிவின் குறுக்கே வளைந்து போகணும். அதன் ஏற்றம், மேட்டுச் சரிவில் பாதிக்கும் குறைவாக இருக்கணும். மேடு 20 சதவீதம் சரிந்தால், பாதை 10-ஐத் தாண்டக் கூடாது. இடையிடையே சின்ன இறக்கம் விட்டால் தண்ணீர் ஓரமாக வழிந்துவிடும். சமதளமும் ஆபத்துதான். அங்கே சேறு தேங்கும். வண்டிகள் சுற்றிப் போகப் போக, பாதை அகன்றுகொண்டே போகும்.

இரண்டாவது, ஜாலி. நீளமான நேர்கோடு வேகத்தைக் கூட்டும், மண்ணைக் கிளறும். அடுத்தடுத்த வளைவு, பாறைப் படி, குறுகலான ஏற்றம் எல்லாம் 10 கிலோமீட்டர் வேகத்திலேயே வியர்க்க வைக்கும். புதியவருக்கு ஒரு சுற்று, கைதேர்ந்தவருக்குக் கஷ்டமான கிளை, எல்லாமே ஒருவழி. போரடிக்கும் பாதையை விட்டுத்தான் வண்டி காட்டுக்குள் திரும்பும். பாதையே சுவாரசியமாக இருந்தால் வேலி தேவைப்படாது.

எங்கே அமைக்கலாம்?

கல் வெட்டி முடித்துக் கைவிட்ட வறண்ட குவாரி நிலங்கள் சென்னையைச் சுற்றி உண்டு. புதுசாகக் கெடுக்க அங்கே அதிகம் இல்லை. ஆனால் தண்ணீர் தேங்கிய குவாரிகளைத் தொடக் கூடாது. வறட்சிக் காலத்தில் நகரத்துக்குக் குடிநீர் தந்தவையும் அவற்றில் உண்டு. காடு, ஏரி, சதுப்பு நிலத்துக்கும் இதே விதிதான்.

நிலத்தை அரசு ஒதுக்கட்டும். ஓட்டுபவர்கள் கட்டணம் கட்டட்டும், அந்தப் பணம் பாதைப் பராமரிப்புக்கே போகட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மண் ஈரமாக இருக்கும் நாளெல்லாம் கேட்டைப் பூட்டிவிடணும்.

எலியட்ஸ் பீச்சுக்கும் ஜீப்பில் தாராளமாகப் போகலாம். ஆனால் தார்ச்சாலையோடு நிறுத்திவிட்டு, மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கணும்.