வால்வு சூடாகட்டும், மாப்ளே!

மலையடிவாரம் - வாரப் பத்தி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போடியிலிருந்து பொட்டிபுரத்துக்கு ஆட்டோவில் ஒரு பெட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு போனேன். ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம், "அண்ணே, மெதுவா... மெதுவா" என்று கெஞ்சினேன்.

டிரைவர் திரும்பிப் பார்த்து, "உள்ள என்ன சார், முட்டையா?" என்றார்.

"கிட்டார் ஆம்ப்ளிஃபயர். உள்ள கண்ணாடி வால்வு இருக்கு."

"வால்வா? அதெல்லாம் இன்னும் வருதா?"

அந்தக் கேள்வியில்தான் இந்த வாரப் பத்தி ஆரம்பிக்கிறது.

ஏலக்காய் தந்த பெட்டி

2019-ம் வருடம் எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. முந்தைய வருடத்து வெள்ளம், பிறகு வறட்சி எல்லாம் சேர்ந்து விளைச்சலைக் குறைத்ததால் வந்த விலை அது. மலைமேல் எங்களுக்கு இருக்கும் சின்னப் பங்கிலும் காய் குறைவுதான். ஆனாலும் கைக்குக் கொஞ்சம் காசு வந்தது.

அந்தக் காசில்தான் வாங்கினேன். 15 வாட்ஸ் வால்வு ஆம்ப், இங்கிலாந்து டிசைன். வெளிநாடு கிளம்பிய ஒரு பெங்களூர் இசைக்கலைஞர் விற்றது. செகண்ட் ஹேண்டிலேயே 68,000 ரூபாய்.

"அந்த வருஷம் ஊர்ல எல்லாரும் நகை வாங்குனாங்க. எங்க வீட்டுக்காரர் ஹீட்டர் வாங்குனார்" என்று என் மனைவி இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்வாள். அவள் சொல்வதில் தப்பில்லை. ஒரு மணி நேரம் ஓடினால் பெட்டியின் தலையில் கை வைக்க முடியாது.

சுவிட்சைப் போட்டதும் சத்தம் வராது. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் இழை பழுத்து, வால்வு சூடேற வேண்டும். அதன் பிறகு மெதுவாகத் தந்தியைத் தொட்டால் தெளிந்த தண்ணீர் மாதிரி ஒலிக்கும். அழுத்தி மீட்டினால் குரல் கரகரக்க ஆரம்பிக்கும். குமிழைத் திருகவே வேண்டாம், விரலின் கோபமும் கொஞ்சலும் அப்படியே வெளியே வரும். 16 வயதில் ஹவாய் செருப்போடு தேனிக்குப் போய் கிட்டார் கற்றுக்கொண்டவன் நான். எனக்கு அது பெரிய விஷயம்.

மடைப் பலகை

வால்வு எப்படி வேலை செய்கிறது? பாடப்புத்தகம் வேண்டாம், வயக்காட்டுக்கு வாருங்கள்.

வாய்க்காலில் தண்ணீர் நெட்டித் தள்ளிக்கொண்டு நிற்கிறது. குறுக்கே ஒரு மடைப் பலகை. அதை ஒரு விரற்கடை தூக்கினால் வயலுக்குப் பாயும் தண்ணீரின் அளவே மாறிவிடும். தூக்கியது சின்னக் கைதான். பாய்ந்தது பெரிய தண்ணீர்.

வால்வுக்குள் நடப்பதும் இதுதான். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குப்பிக்குள் சூடான கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி எதிரே உள்ள பிளேட்டுக்கு ஓடுகின்றன. நடுவில் கிரிட் என்கிற கம்பி வலை. கிட்டார் தந்தியின் நடுக்கத்தில் பிறந்த துளி மின்சாரம் அந்த வலையைத் தொடுகிறது. அது அசைகிற அசைவுக்கு ஏற்ப, பெரிய மின்சாரம் கூடிக் குறைந்து ஸ்பீக்கரைத் தள்ளுகிறது. 1906-ல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் இந்த மூன்றாவது உறுப்பைச் சேர்த்ததில் தொடங்கியதுதான் ரேடியோ, ரேடியோ செட், கச்சேரி மேடை எல்லாம்.

1947-ல் டிரான்சிஸ்டர் வந்தது. சின்னது, சூடாகாது, மலிவு. வீட்டு ரேடியோவிலிருந்து வால்வு மெல்ல விடைபெற்றது. கிட்டார்காரர்கள் மட்டும் விடவில்லை. காரணம், தாங்க முடியாத அளவு சிக்னலைக் கொடுத்தால் டிரான்சிஸ்டர் ஒலி அலையின் தலையைக் கத்தி வைத்த மாதிரி வெட்டும். வால்வு அதே தலையை மெல்ல அமுக்கி உருட்டிவிடும். காதுக்கு இதமாக இருக்கும் அந்தக் 'கெட்டுப்போன' சத்தத்தின் மேல்தான் ராக் இசையில் பாதி நிற்கிறது. லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962-ல் அமெரிக்க ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்ப்பைப் பார்த்து அதேபோல் ஒன்று செய்ய இறங்கினார். இன்று அவர் பெயர் இல்லாத ராக் மேடை குறைவு.

விலை எங்கே போய் நிற்கும் என்று கேட்கிறீர்களா? 2022-ல் இறந்த அலெக்ஸாண்டர் டம்பிள் என்ற அமெரிக்கர் தன் வாழ்நாளில் கையால் செய்தவை 300 சுற்றுதான். யாரும் நகல் எடுத்துவிடக் கூடாதென்று உள்ளே பசை ஊற்றி மூடிவிடுவாராம். இப்போது ஒன்று லட்சம் டாலருக்கு மேல் போகிறது. என் பெட்டி அந்த வம்சம் இல்லை. ஆனாலும் எனக்கு அதுதான் டம்பிள்.

சிவந்துபோன வால்வு

இந்த மார்கழியில் வந்தது வினை. வாசித்துக்கொண்டிருக்கும்போதே 'கொர்ர்' என்று ஒரு இரைச்சல். பின்பக்கம் குனிந்து பார்த்தேன். பவர் வால்வு ஒன்றில், ஆரஞ்சு இழைக்கு வெளியே இருக்கிற பிளேட்டே அடுப்புக் கரி மாதிரி செக்கச் சிவந்திருந்தது. சட்டென்று பிளக்கைப் பிடுங்கினேன்.

ஒரு பெரிய நகரத்து சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து இரண்டு புது வால்வோடு வந்தது. பில் 9,400 ரூபாய். இருபதாவது நாள் புது வால்வும் சிவந்தது. போன் செய்தால், "உங்க ஊர் வோல்டேஜ் சரியில்ல சார். இல்லன்னா போர்டையே மாத்தணும்" என்றார்கள்.

புது வால்வை நினைத்த நேரத்துக்கு வாங்கவும் முடியாது. உலகத்திலேயே ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய தொழிற்சாலைகள்தான் மிச்சம். 2022-ல் உக்ரைன் போரின்போது ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியதும், உலகம் முழுக்க வால்வு விலை எகிறியது. எங்கோ நடக்கிற போர் போடியில் ஒரு கிட்டாரை ஊமையாக்கும்.

"வித்துடுங்க. கிடைச்ச வரைக்கும் லாபம்" என்றாள் மனைவி. பழைய சாமான் தளம் ஒன்றில் படம் எடுத்துப் போட்டும்விட்டேன். அன்றைக்கு ராத்திரி பிளஸ் ஒன் படிக்கும் என் மகள்தான் கேட்டாள்: "அப்பா, பொட்டிபுரம் தாத்தாகிட்ட காட்டுனீங்களா?"

பொட்டிபுரம் மாமா

பொட்டிபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோ. அம்பரப்பர் மலையைக் குடைந்து 50,000 டன் இரும்பில் கருவி வைக்கும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. பிறகு போராட்டம், வழக்கு என்று நின்றுகிடக்கிறது. எங்கள் குடும்பத்துக்குப் பொட்டிபுரம் என்றால் ரேடியோ செட் மாமா.

என் அம்மாவின் தம்பி. 74 வயது. கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் தேவாரம் சுற்று வட்டாரத்தில் அவர் செட்தான் கட்டும். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது, "நம்ம பண்ணைப்புரத்துப் பையன் போட்ட பாட்டு" என்று ஊர் ஊராகப் புனல் ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்ட கை அது. பழுதானால் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓட முடியாது என்பதற்காகவே வால்வு வேலையைக் கற்றுக்கொண்டவர்.

பெட்டியைத் திறந்ததும் மாமா முகம் மலர்ந்தது. "அட, இது நம்ம இஎல்84! பிலிப்ஸ் ரேடியோவுக்குள்ள இருக்கறவன்ல? இவனுக்கா அறுபத்தெட்டாயிரம் குடுத்த?"

உண்மைதான். ஐரோப்பாவில் 1950-களில் வீட்டு ரேடியோவுக்காக வந்த வால்வு அது. நம் நாட்டிலேயே பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பிலிப்ஸ் கூட்டோடு 1960-களில் ரேடியோ வால்வுகள் செய்தார்கள். தாத்தா வீட்டில் நியூஸ் வாசித்த வால்வும், லண்டன் மேடையில் அலறிய வால்வும் ஒரே ஜாதி.

மாமா முதலில் செய்தது, ஒன்றையும் தொடாமல் உட்கார்ந்திருந்ததுதான்.

"பிளக்கைப் பிடுங்கிட்டாலும் உள்ள மின்சாரம் உக்காந்திருக்கும். 300 வோல்ட்டுக்கு மேல. கண்டன்சர் புடிச்சு வச்சிருக்கும்" என்றார். பிறகு, கைப்பிடி போட்ட ஒரு ரெசிஸ்டன்ஸ் வழியாக அதை வடித்தார். மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் விரல் உள்ளே போனது. கரண்ட் போட்டு அளக்கும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். ஒற்றைக் கையால் வேலை பார்த்தால் அந்தப் பாதை இல்லை. "அம்பது வருசமா இந்தக் கை பின்னாலதான் இருக்கு. அதான் நான் முன்னால உக்காந்திருக்கேன்" என்றார்.

சிவந்த வால்வின் கிரிட்டில் மீட்டரை வைத்தார். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 8 வோல்ட். வால்வையே கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் 8.

"பாத்தியா பாப்பா? வால்வு வெளிய இருக்கு, வோல்ட்டு உள்ள இருக்கு. அப்ப குத்தம் யாருது?"

மகள் யோசித்தாள். "வால்வு இல்ல... அதுக்கு முன்னாடி இருக்கறது."

"அம்புட்டுத்தான்!"

முன்கட்டத்தில் இருக்கும் பெரிய வோல்டேஜைத் தடுத்து, சங்கீதத்தை மட்டும் விடும் ஒரு சின்னக் கண்டன்சர் கசிந்திருந்தது. மடைப் பலகையை யாரோ பாதி தூக்கிவிட்டுப் போன கதைதான். தண்ணீர் நிற்காமல் பாய்ந்து வால்வு பழுத்துவிட்டது. எத்தனை புது வால்வு போட்டாலும் பழுக்கத்தான் செய்யும்.

மாமாவின் பழைய பிஸ்கட் டப்பாவில் கண்டன்சர்களும் கிடந்தன. அவற்றைத் தொடவே விடவில்லை. "வால்வு கிழவனானாலும் உழைப்பான். கண்டன்சர் கிழவனானா காலை வாரிடுவான். புதுசு வாங்கிட்டு வா."

அடுத்த சனிக்கிழமை மதுரைக்கு ரயில் ஏறினேன். 2010 கடைசியில் நின்று, 2023 ஜூனில்தான் திரும்பி வந்த போடி ரயில். போன வேலை, 60 ரூபாய்க்கு இரண்டு கண்டன்சர்.

ஈயம் ஓடிய விதம்

ஞாயிறு மறுபடி பொட்டிபுரம். சால்டரிங் அயர்னைச் சூடாக்கிக் கையில் எடுத்த மாமா அப்படியே நின்றார். முனை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"இந்தக் கண்ணாடி பவர் மாறிப்போச்சு. பாப்பா, இந்தா நீ புடி" என்றார்.

அவள் இதற்கு முன் அயர்னைத் தொட்டதில்லை. "ஈயத்துக்குச் சூடு காட்டாத. கம்பிக்குக் காட்டு. கம்பி சூடானா ஈயம் தானா ஓடி வரும். ஊதாத, ஆட்டாத, ஆறட்டும்." முதல் பற்று மங்கலாகச் சொரசொரத்தது. "எடுத்துட்டு மறுபடி வையி." இரண்டாவதும் சரியில்லை. மூன்றாவது வெள்ளி மாதிரி மின்னியது. மாமா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கண்டன்சரை எடுத்து அவளிடம் நீட்டினார்.

பிறகு கிரிட்டில் மீட்டர். பூஜ்யம்.

நான் அவசரமாகக் கிட்டாரைச் சொருகப் போனேன். "இருப்பா. வால்வு சூடாகட்டும், மாப்ளே!"

இரண்டு நிமிடம் மூவரும் அந்த ஆரஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிளேட் சிவக்கவில்லை. வாசித்தேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தார். 40 வருடம் ஸ்பீக்கருக்கு அடியில் நின்ற காது. இப்போது பாதிக்கு மேல் கேட்பதில்லை.

கிளம்பும்போது பிஸ்கட் டப்பாவைத் திறந்து, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் முத்திரை போட்ட இரண்டு வால்வைத் தாளில் சுற்றி மகள் கையில் கொடுத்தார். "அப்பாகிட்ட குடுக்காத. நீயே வச்சுக்க" என்றார். விற்பனை விளம்பரத்தை அன்று ராத்திரியே எடுத்துவிட்டேன்.

உங்களுக்குச் சில வார்த்தை

பிள்ளை கிட்டார் கற்க ஆரம்பித்தால் வால்வு ஆம்ப் வாங்கித் தராதீர்கள். சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப்பும், போனில் இருக்கும் ஆப்பும் தாராளம். பத்து வருடம் வாசித்த பிறகும் மனசு கேட்டால் வாங்கலாம். அப்போதும் வாட்ஸைப் பார்த்து ஏமாற வேண்டாம். சத்தம் இரண்டு மடங்காகக் காதில் விழ, வாட்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும். 15 வாட்ஸ் வால்வே தெருவைத் திரும்பிப் பார்க்க வைக்கும்.

பரணில் தாத்தா காலத்து வால்வு ரேடியோ கிடந்தால், ஆசையில் பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். காய்ந்த கண்டன்சர் வெடிக்கலாம், டிரான்ஸ்ஃபார்மர் கருகலாம். நீங்களாகத் திறக்கவும் வேண்டாம். உங்கள் ஊரிலும் பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் கொண்டுபோங்கள். போகும்போது வீட்டுப் பிள்ளையையும் கூட்டிப் போங்கள்.

ஆட்டோக்காரர் கேட்டாரே, வால்வு இன்னும் வருகிறதா என்று. ஜப்பானில் நியூட்ரினோவைத் தேடும் சூப்பர் காமியோகாண்டேயில், மங்கலான ஒளித்துளியைப் பிடித்துப் பெருக்க 11,000-க்கு மேற்பட்ட வெற்றிடக் குழல்கள்தான் இருக்கின்றன. அவையும் வால்வுக்குச் சொந்தக்காரர்கள்தான். இதைச் சொன்னதும் மாமா, "அங்க ரிப்பேர் யாரு பாக்குறா?" என்று கேட்டார்.

என் மகள் இப்போது ஞாயிறுதோறும் பொட்டிபுரம் போகிறாள். போன வாரம் யாருடைய வீட்டிலிருந்தோ ஒரு மர்பி ரேடியோ வந்திருக்கிறதாம்.