திங்கள் மடல்: தாளில் ஏறாத பெயர்

கரக்பூரில் நம்மிடையே வாழும் தமிழ்ப் பெரியவர் ஒருவர் அண்மையில் பெங்களூர் சென்று திரும்பினார். அகவை 74. முழங்கால் வலி உடையவர். கைத்தடியின்றிப் படியேற இயலாதவர். இரண்டு இரவும் ஒரு பகலும் இரயிலில் கழிய வேண்டிய பயணம் அது. "இந்த வயதில் இவ்வளவு தொலைவு எதற்கு?" என்று அவர்தம் துணைவியார் கேட்டார், பயணச்சீட்டுக்கு ஏற்பாடு செய்து கொடுத்த நாமும் கேட்டோம். "கூப்பிட்டிருக்கிறார்கள் ஐயா, போக வேண்டாமா?" என்பதே அவர் தந்த விடை.

அழைத்தவர் உறவினர் அல்லர். அது திருமண அழைப்பும் அன்று. அவர் இளமையில் 17 ஆண்டுகள் பணியாற்றிய படைப்பிரிவு, தன் பழைய வீரர்களை ஒன்றுகூட அழைத்திருந்தது. அவர் போய் வந்த கதையையும், அப்படையின் கதையையும், அவற்றினின்று நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றையும் இம்மடலில் எழுதத் துணிந்தோம்.

அப்படைக்கு இன்றைய பெயர் மதராஸ் எஞ்சினியர் குரூப். மக்கள் வழக்கில் மதராஸ் சாப்பர்ஸ். சாப்பர் என்பவன் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவன்தான். ஆயினும் அவன் பெயர் பெற்றது மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் ஆகும். படை செல்லப் பாதை வெட்டுவான். ஆறு குறுக்கிட்டால் பாலம் கட்டுவான். பகைவன் புதைத்த கண்ணிவெடிகளைத் தேடி அகற்றுவான். ஏனையோர் நடக்குமுன் அவ்வழியில் நடந்து பார்ப்பவன் அவனே. இந்தியத் தரைப்படையின் பொறியாளர் பிரிவில் இத்தகைய தொகுதிகள் மூன்று உள. வங்கத் தொகுதி ரூர்க்கியிலும், பம்பாய்த் தொகுதி புனேயை அடுத்த கட்கியிலும், மதராஸ் தொகுதி பெங்களூரிலும் தலைமையிடம் கொண்டுள்ளன.

மூன்றனுள் மூத்தது நம்முடையதே. 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்துக்கு அருகில் புள்ளலூர் என்னும் ஊரில், ஹைதர் அலியின் படை கிழக்கிந்தியக் கம்பெனியாரின் படையை முறியடித்தது. அதற்கு இருபது நாட்களுக்குப் பின், அதே செப்டம்பர் 30ஆம் நாள், ஜோசப் மூர்ஹவுஸ் என்னும் ஆங்கில அதிகாரியைத் தலைவராகக் கொண்டு பயனியர் கம்பெனிகள் இரண்டு சென்னையில் அமைக்கப்பெற்றன. அந்நாளே இப்படையின் பிறந்தநாள். அந்நியர் ஆட்சியை நிலைநிறுத்தவே இப்படை தோன்றிற்று என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. உண்மையை உள்ளவாறு அறிவதே வரலாற்றுக்குச் செய்யும் மரியாதை.

மூர்ஹவுஸ் 1791இல் பெங்களூர்ப் பேட்டையின் முற்றுகையில் மடிந்தார். அவர் தொடங்கிய படையோ, பல ஆண்டுகட்குப் பின், 1834இல், அதே பெங்களூரைத் தன் நிலையான இருப்பிடமாகக் கொண்டது. அல்சூர் ஏரிக்கு அருகில் அதன் குடியிருப்பு வரிசைக்கு மியானி லைன்ஸ் என்று பெயர். 1843இல் சிந்து நாட்டில் மியானி என்னுமிடத்தில் நடந்த போரில் இப்படையினர் பங்குகொண்டதன் நினைவு அது. மதில்களையும் முள்வேலிகளையும் தகர்க்க உலகெங்கும் படைகள் கையாளும் நீண்ட வெடிக்குழாய்க்குப் ‘பெங்களூர் டார்ப்பிடோ’ என்று பெயர் வந்ததும் இங்கிருந்துதான். 1912இல் மெக்ளின்டாக் என்னும் அதிகாரி, இங்குப் பணியாற்றுங்கால் அதனை வடிவமைத்தார்.

படையின் பெயரோ காலந்தோறும் மாறி வந்தது. பயனியர் என்றிருந்தது 1831இல் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் ஆயிற்று. 1876இல் விக்டோரியா அரசியாரின் பட்டப்பெயர் முன்னே ஒட்டிக்கொண்டது. நாடு விடுதலை பெற்றபின் அரசியார் பெயர் நீங்கி, இன்றைய பெயர் நிலைத்தது. ஆனால் மாறாத பெயர் ஒன்றும் உண்டு. இப்படையின் வீரனைத் ‘தம்பி’ என்றே அழைப்பர். தமிழன், மலையாளி, தெலுங்கன், கன்னடன் யாவராயினும் அங்கே தம்பிதான். வடநாட்டிலிருந்து வரும் அதிகாரியும் முதலில் கற்கும் தமிழ்ச்சொல் அதுவே என்று நம் பெரியவர் சொல்லிச் சிரிப்பார்.

தலைவர்களின் பெயரை வரலாற்று நூல்கள் போற்றி வைத்துள்ளன. 1780இல் மண்வெட்டி ஏந்தி நின்றவர்களின் பெயரை யார் சொல்கிறார்கள்? எண்ணற்ற தம்பிமார் பெயரின்றியே மறைந்தனர். நாடறிந்த பெயராக விளங்குவோருள் ஒருவர் சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிபுரத்தை அடுத்த கீழ் ஒட்டிவாக்கம் அவர் பிறந்த ஊர். 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலியில் மிக்னானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் தாமே விழுந்து, உடனிருந்தோர் உயிரைக் காத்துத் தம் உயிரை ஈந்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பெற்றது. புள்ளலூர்ப் போருக்கும் அவர் மறைவுக்கும் இடையே 164 ஆண்டுகள். இரண்டிலும் காஞ்சிபுரத்து மண் கலந்திருக்கிறது.

இனி நம் பெரியவரின் கதைக்கு வருவோம். வட ஆர்க்காட்டுச் சிற்றூரில் பிறந்து, 1969இல் பதினெட்டு வயதில் சேர்ந்தவர். 1971ஆம் ஆண்டுப் போரில் பசந்தர் ஆற்றுப் பக்கம் கண்ணிவெடிக் களங்களைக் கடந்து டாங்கிகளுக்கு வழி திறந்தோருள் மதராஸ் சாப்பர்களும் இருந்தனர். அவ்வேளையில் தாம் எங்கிருந்தார், என்ன செய்தார் என்று கேட்டால், "வேலை செய்தோம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். 1986இல் நாயக்காக ஓய்வு பெற்று, இங்கே பட்டறையில் பணியாற்றிய மைத்துனரை நாடி வந்தார். தனியார் கிடங்கு ஒன்றில் காவலராக இருந்து வயதாகி நின்றுவிட்டார். பட்டாளத்து ஓய்வூதியமே இன்று அவ்விருவருக்கும் சோறு போடுகிறது.

கூட்டத்தில் முதல் நாள் காலை, போரில் மறைந்தோர் நினைவுச் சின்னத்துக்கு மலர்வளையம் வைத்தார்களாம். பகலில் படாகானா என்னும் பெருவிருந்து. அதிகாரியும் சிப்பாயும் ஒரே பந்தி. குடியாத்தத்திலிருந்து வந்திருந்த பழைய தோழர் ஒருவர், முகத்தால் அடையாளம் காணாமல் குரலால் கண்டு, இவரைக் கட்டிக்கொண்டார். பேச்சுக்கிடையே அவர் கேட்ட கேள்வி இது: "அது கிடக்கட்டும் தம்பி, உன் வீட்டுக்காரி பெயர் ரெக்கார்டில் ஏறியிருக்கிறதா?"

பெரியவர் திகைத்தார். அவருடைய முதல் மனைவி 1991இல் ஊரில் காலமானார். 1994இல், கோயிலில் வைத்து, இப்போதுள்ள அம்மையாரை மணந்தார். படையை விட்டு வந்தபின் நடந்த மணமாதலின், அதைத் தெரிவிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பந்தலில் ஆவண அலுவலகத்தார் மேசை போட்டு அமர்ந்திருந்தனர். பேரன் வயதுள்ள எழுத்தர் ஒருவர் படை எண்ணைக் கேட்டார்; இவர் மூச்சு விடாமல் ஒப்பித்தார். திரையில் மனைவி என்ற இடத்தில் மறைந்துபோன முதல் மனைவியின் பெயர் மட்டுமே இருந்தது. "முப்பது வருஷத்துக்கு மேலாக எனக்குச் சோறு ஆக்கிப் போடுகிறாள். தாளில் அவள் இல்லை ஐயா" என்று நம்மிடம் சொல்லுகையில் அவர் குரல் தழுதழுத்தது.

அவர் கண்மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குடும்ப ஓய்வூதியம் பெற அம்மையாருக்கு உரிமை உண்டு. ஓய்வுக்குப் பின் மணந்த மனைவிக்கும் அவ்வுரிமை உண்டு. ஆனால் பெயர் ஏறாத நிலையில், மொழி தெரியாத ஊரில், பிள்ளைகள் இல்லாத ஒரு மூதாட்டி, தாம் மனைவி என்பதைத் தாமே மெய்ப்பிக்க வேண்டி அலைந்திருப்பார். அப்போது சாட்சி சொல்ல வேண்டியவர் போயிருப்பார்!

திரும்பி வந்ததும் பெரியவர் ஓய்ந்திருக்கவில்லை. முதல் மனைவியின் இறப்புச் சான்றிதழை ஊரிலுள்ள தங்கை மகன் வாங்கி அனுப்பினான். திருமணப் பதிவுக்கு இங்கேயே நாள் குறித்தோம். அம்மையார் பட்டுப்புடவை உடுத்தி, தலையில் பூ வைத்து, வெட்கத்தோடு வந்தார். சாட்சிகளுள் ஒருவராக நாமும் கையெழுத்திட்டோம். இருவரும் சேர்ந்து நிழற்படம் எடுத்துக்கொண்டபோது அம்மையார் கேட்டார்: "இத்தனை நாளும் இவருடைய பட்டாளத்துக்கு நான் இருப்பதே தெரியாதா?" யாம் விடையிறுக்க வழியறியாது நின்றோம். தாள்கள் யாவும் விரைவு அஞ்சலில் பெங்களூருக்குச் சென்றுள்ளன. திருத்திய ஆணை இன்னும் வரவில்லை, வருமென்று காத்திருக்கிறோம்.

பழைய வீரர் கூட்டம் என்றால் விருந்துண்டு பழங்கதை பேசிக் கலைவது என்றே நாமும் எண்ணியிருந்தோம். அன்று அந்தப் பந்தியில் தோழர் கேட்ட ஒரு கேள்வியே அப்பயணத்தின் பயன் முழுவதும். ஒரு படை தன்னவரைத் திரும்ப அழைத்து, இருக்கின்றாயா, உன் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பது வெறும் சடங்கன்று.

ஆகவே, நம் குடும்பங்களில் முன்னாள் படைவீரர் எவரேனும் இருப்பின், கீழ்க்கண்டவற்றை இத்திங்களே பார்த்துவிட வேண்டுகிறோம். ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயரும் பிறந்த நாளும் உள்ளனவா? ஆதார் அட்டையிலுள்ள எழுத்தும் அதிலுள்ள எழுத்தும் ஒத்திருக்கின்றனவா? பாதுகாப்புத் துறை ஓய்வூதியங்கள் இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்னும் கணினி முறையில் நடைபெறுகின்றன, அதிலும் பார்க்கலாம். பிழையோ விடுபாடோ இருந்தால், அவரவர் படையின் ஆவண அலுவலகத்துக்கு எழுதுக. மாவட்டப் படைவீரர் நல அலுவலகமும் வழி காட்டும். டிஸ்சார்ஜ் புத்தகம் பெட்டியின் அடியில் கிடந்தால் எடுத்து வெளியே வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டுப் பெண்டிருக்கும் சொல்லி வையுங்கள்.

எழுதத் தெரியாதோர் தயங்க வேண்டா. ஞாயிறு மாலைகளில் சங்கக் கட்டடத்தில் நாம் இருப்போம். தாள்களோடு வருக, எழுதித் தருகிறோம்.