சாட்சிகளா, அறிஞர்களா? – இனுவிற் மக்களும் காலநிலை மாற்றமும்

காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசாத அறிஞர் மன்றம் இன்று இல்லை எனலாம். அம்மன்றங்களிலே தவறாது காட்டப்படும் படம் ஒன்றுண்டு. உருகும் பனிப்பாளத்தின்மீது தனித்து நிற்கும் வெண்கரடியின் படம். அப்படத்திலே மனிதர் இல்லை. அலாஸ்கா, கனடா, கிறீன்லாந்து, ரஷ்யாவின் சுக்கோட்கா ஆகிய பகுதிகளில் ஏறத்தாழ 180,000 பேராக வாழும் இனுவிற் மக்கள் படத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளனர். ‘எஸ்கிமோ’ என்று நாம் பாடநூல்களிற் பயின்றது பெரும்பாலும் இவர்களையே. அப்பெயரை இவர்களுட் பலர் இழிவெனக் கருதுகின்றனர். எப்போதாவது மேடைக்கு அழைக்கப்படினும், கண்டதைச் சொல்லிவிட்டு இறங்கவேண்டிய சாட்சிகளாகவே இவர்கள் அழைக்கப்படுகின்றனர். தீர்ப்புரைக்கும் உரிமை வேறெவருக்கோ ஒதுக்கப்பட்டுள்ளது. இந்த ஏற்பாடு நேர்மையற்றது என்பதே எமது வாதம்.

முதலில் அவர்களது சொற்களை நோக்குவோம். ‘சிலா’ என்னும் சொல் வானிலையைக் குறிக்கும். காற்றையும் வெளியுலகையும் குறிக்கும். விவேகத்தைச் சுட்டும் சொற்களும் அவ்வடியிலிருந்தே பிறக்கின்றன. எனவே சிலா மாறுகின்றது என்று ஒரு முதியவர் கூறுமிடத்து, வெப்பமானியின் அளவு உயர்ந்தது என்பது மட்டும் அவர் கருத்தாகாது. உலகின் ஒழுங்கே குலைகின்றது என்பதும் அதில் அடங்கும். பஃபின் தீவுப் பகுதியில் வழங்கும் ‘உக்கியானக்துக்’ என்னும் சொல்லோ, நன்கு பழகிய நண்பன் ஒருநாள் அந்நியன்போல் நடந்துகொள்வதைக் குறிப்பது. எதிர்பாராத வகையில் மாறும் வானிலையை மூத்தோர் இச்சொல்லாற் சுட்டினர். மழை ‘பொய்த்தது’ என்று கூறும் மொழியிற் பிறந்த எமக்கு இதன் பொருள் விளங்காதிருக்க நியாயமில்லை. பெய்யாமை வேறு, பொய்த்தல் வேறு. முன்னையது அளவீடு, பின்னையது உறவு முறிந்தமை பற்றிய முறைப்பாடு.

இதனைக் கவித்துவம் எனப் பாராட்டி ஒதுக்கிவிடுவோர் உளர். இச்சொற்களின் பின்னால் நிற்பது தொழிலறிவு என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். எறியீட்டியாற் குத்திக் கடற்பனியின் உறுதியை அறிதல், காற்றுச் செதுக்கிய பனிமேடுகளின் திசைகொண்டு வழி தெரிதல், பனிவீடு கட்டத்தக்க இறுகிய பனியைத் தேர்தல் என்பன, பிழைத்தால் உயிர் போகும் அறிவுத் துறைகள். காற்றின் திசை மாறியபோது பனிமேடுகளை நம்ப முடியாது போயிற்று. பனி பிந்தி உறைந்து முந்தி உடையத் தொடங்கியபோது தேர்ந்த வேட்டைக்காரரும் நீரில் வீழ்ந்தனர். ஆர்க்டிக் பிரதேசம் 1979 முதல் உலக சராசரியிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாக வெப்பமடைந்துள்ளதென 2022இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகின்றது. அவ்வெண் அச்சேறுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே அதன் விளைவை அவர்கள் எடுத்துக் கூறியிருந்தனர்.

கல்வியுலகின் இரட்டை வேடம் இங்கேதான் வெளிப்படுகின்றது. பனி மெலிகின்றது என்று மூத்தோர் சொன்னால் ‘பாரம்பரிய அறிவு’ என மேற்கோள் காட்டுவர். ஞாயிறு முன்னர் மறைந்த இடத்தில் இப்போது மறைவதில்லை, பூமியே சரிந்துவிட்டது என்று அதே மூத்தோர் சொன்னால் மூடநம்பிக்கை என நகைப்பர். சகரியாஸ் குனுக், இயன் மௌரோ ஆகிய இருவரும் 2010இல் வெளியிட்ட ஆவணப்படத்தில் இக்கூற்றுப் பதிவாகியுள்ளது. பூமி அவ்வாறு சரியவில்லை என்பது உண்மையே. ஆயினும், குளிர்ந்த பனிப்பரப்பின்மேல் வெப்பக் காற்றுப் படியும்போது ஒளிமுறிவு மிகுந்து, ஞாயிறு இடம்பெயர்ந்ததுபோலத் தோன்றும் என்னும் விளக்கம் முன்வைக்கப்பட்டுள்ளது. காரணங் கூறியதிற் பிழையிருக்கலாம், கண்டது பொய்யாகிவிடவில்லை.

வெண்கரடி விடயமும் இத்தகையதே. 2008இல் ஐக்கிய அமெரிக்கா அவ்விலங்கை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிட்டபோது, தம் பகுதிகளிற் கரடிகள் முன்னரிலும் மிகுதியாகவே காணப்படுகின்றன எனக் கனடிய இனுவிற் மக்கள் பலர் மறுத்தனர். கரடிகள் உண்மையிலே பெருகினவா, பனியிழந்து கரையை நாடுவதால் மிகுதியாகத் தென்படுகின்றனவா என்பது விவாதத்துக்குரியது. விவாதிக்கத்தான் வேண்டும். ஆனால் மறுத்த மாத்திரத்தே அவர்களைத் தன்னலம் கருதும் வேட்டைக்காரர் என ஒதுக்குவது விவாதமாகாது. மூத்தோர் சொல் அனைத்தும் வேதவாக்கு என்று நாம் கூறவில்லை. ஆய்வாளனோடு வாதிடுவதுபோல அவர்களோடும் வாதிடுக என்றே கூறுகின்றோம்.

இனி, அவர்கள் கேட்பது இரக்கமா? 2005 டிசெம்பரில் ஷீலா வொட்-குளூட்டியே, வேறு 62 இனுவிற் மக்களுடன் சேர்ந்து, அமெரிக்க நாடுகளிடை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் மனுவொன்றைச் சமர்ப்பித்தார். ஐக்கிய அமெரிக்கா வெளிவிடும் பச்சைவீட்டு வாயுக்கள் தம் மக்களின் உரிமைகளை மீறுகின்றன என்பதே குற்றச்சாட்டு. 2006இல் ஆணைக்குழு அம்மனுவை ஏற்க மறுத்தது. 2007இல் அவரது சாட்சியத்தை மட்டும் செவிமடுத்தது. சாட்சி கூற இடமுண்டு, வழக்காட இடமில்லை! 2015இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரோ ‘குளிராயிருக்கும் உரிமை’ என்னும் பொருளது.

மற்றொரு வழக்கும் ஈண்டு நோக்கத்தக்கது. பஃபின் தீவுக் கடலில் எண்ணெய் தேடும் நிலவதிர்வுச் சோதனையைக் கிளைட் றிவர் கிராமத்தவர் எதிர்த்தனர். அவர்கள் எழுப்பிய வினாக்களுக்குக் கம்பனிகள் அளித்த விடை 3,926 பக்கங்கள். அதிற் சிறு பகுதியே அவர்கள் மொழியில் இருந்தது. இது கலந்தாலோசனை ஆகாதென 2017இல் கனடாவின் உயர் நீதிமன்றம் அனுமதியை இரத்துச் செய்தது. ஒரு மக்களின் மொழியில் விடை கூறாதவன் அவர்களிடம் வினவியவனாகான் என்பதை நாம் அத்தீர்ப்பிலிருந்து கற்கலாம்.

கலைப்பீடத்தவராகிய நாமும் கிராமங்களுக்குச் செல்கின்றோம். முதியோரின் சொற்களைப் பதிந்து வருகின்றோம். அச்சொற்களை எங்கே வைக்கின்றோம்? எமது வாதத்தினுள்ளேயா, பின்னிணைப்பிலேயா? இனுவிற் மக்கள் உலகிடம் கேட்கும் வினாவும் இதுவே. அதற்கு நேர்மையாக விடை கூறும்வரை வெண்கரடிக்காக நாம் வடிக்கும் கண்ணீருக்கு மதிப்பில்லை.